வயர் மாட்டாத ஸ்பீக்கர்

வயரே மாட்டாத ஸ்பீக்கரிலிருந்து "ஷ்ஷ்ஷ்" என்று சத்தம் வந்தது.

புது ஹோம் தியேட்டர் ரிசீவரின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் இரைச்சல் சுற்றி வரும்: இடது, நடு, வலது, பிறகு சோபாவுக்குப் பின்னால். பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் வயரோ இன்னும் வீரப்பன் கையில்! பக்கத்து வீட்டுச் சத்தம்தான் சுவர் தாண்டி வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மலாக்காவை ஒட்டிய சுங்கை ஊடாங்கின் அந்த வரிசை வீடுகளில் முதல் ஹோம் தியேட்டர் பக்கத்து வீட்டுப் பாலகிருஷ்ணனுடையது. அது வந்ததிலிருந்து வீரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தட்டுக்கு மேல் இறங்கவேயில்லை. அவர் விட்ட பெருமூச்சில் வாசல் வாழையே கருகிப்போனது. அவர் மனைவி தேவமலரோ படம் பார்க்க நித்தமும் அங்கேதான். அதற்காகவே மலாக்கா டவுனிலிருந்து அதைவிட ஒரு சாண் பெரிய ரிசீவரைத் தூக்கி வந்திருந்தார்.

"என்னண்ணே, புது ரேடியோவா?" என்று காரிலிருந்து இறக்கும்போதே கேட்டிருந்தான் பாலகிருஷ்ணன்.

"ரேடியோ ஒங்க தாத்தாகிட்ட இருக்கும் லா. இது போட்டா ஒன் வீட்டுச் சுவரு ஆடும்!"

இன்று தேவமலர் இந்தச் சோபாவில் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

விளக்கு வைக்கும் நேரம். மழை இருட்டு, புது பிளாஸ்டிக் வாசனை, சூடேறிய ரிசீவரின் மெல்லிய முனகல், எல்லாவற்றையும் மீறிச் சுவருக்கு அப்பால் தேவமலரின் சிரிப்பு. பெண்டாட்டியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவர். டிவி முன் குந்தியபடியே, திறந்திருந்த வாசலை நோக்கிக் கத்தினார்.

"இந்தா! படம் பாத்தது போதும், உள்ள வந்து ஒக்காரு!"

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஈரப் பாதங்கள் சிமெண்டில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. சோபா ஸ்பிரிங் முனகியது.

அவர் திரும்பவில்லை. வீம்பு.

"வந்துட்டியா? இப்பக் கேளு, அவன் வீட்டுல இப்பிடிக் கேக்குமா?"

"ஷ்ஷ்ஷ்."

"என்னையே சத்தம் போடாதங்கிறியா?"

பொத்தானை அழுத்தி அணைத்தார். இரைச்சல் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினார். டிவி செத்தது. ரிசீவர் செத்தது.

இடது. நடு. வலது.

பின்னால்.

பிடரியில். ஈரமாக.

சுவருக்கு அப்பால் தேவமலர் சிரித்தாள். "தம்பி, சத்தத்தக் கூட்டு லா!"

அணைந்த டிவிக் கண்ணாடியில் சோபா தெரிந்தது. அதில் ஒரு சேலை, முழங்கால் சேர்த்து, மடியில் கை வைத்து, சொன்ன பேச்சுக் கேட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

கழுத்து மட்டும் அங்கிருந்து கூடத்தைக் கடந்து நீண்டு வந்து, அவர் தோளில் முகத்தைச் சாய்த்து, உதட்டைக் குவித்திருந்தது.