920 ஜீவி

மைசூரு மண்டி மொஹல்லா சந்துக்குள் இருந்த அந்தப் பழைய தனியார் நூலகத்தில் சௌம்யா வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முப்பதாயிரம் புத்தகங்களை எண்வாரியாகச் சரிபார்க்க வேண்டும். தும்மித் தும்மி மூக்கு சிவந்தாலும் வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

வாழ்க்கை வரலாற்றுக்கு எண் 920. அதன் கீழே, யாருடைய வாழ்க்கையோ அவர் பெயரின் முதல் எழுத்துகள். திங்கட்கிழமை அந்த வரிசையில் ‘920 விஜய்’ என்று ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. பதிவேட்டில் இல்லாதது. பிரித்தால், வாசல் காவலாளி விஜய்குமாரின் கதை! கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி. யாரோ விளையாடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டாள்.

மத்தியானம் உதவியாளர் ஹேமந்த் ஓடிவந்தார். “மேடம், விஜய்குமார் அண்ணா சேர்ல உக்காந்தபடியே போயிட்டாரு!”

செவ்வாய்க்கிழமை காலை, அதே வரிசையில் ‘920 ஜீவி’.

பிரித்தால், ஜீவிதாவின் கதை. சௌம்யாவின் ஒரே மகள். ஒன்பது வயது.

கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி.

சௌம்யா அந்தப் பக்கத்தைப் பற்றி இழுத்தாள். கிழிக்கப் பார்த்தாள், தாள் கிழியவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இடம் மாறி வைத்த புத்தகம் நூலகத்தில் யார் கையிலும் சிக்காது. சாவின் கையிலும் சிக்காவிட்டால் குழந்தை பிழைத்துக்கொள்வாள் அல்லவா? புத்தகத்தின் முதுகிலிருந்த எண் லேபிளை உரித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அலமாரிகளுக்கிடையே சுற்றிச் சுற்றி நடந்தாள். கைக்குத் தட்டுப்பட்ட ஏதோ ஓர் இடுக்கில் செருகிவிட்டாள். எங்கே என்று அவளுக்கே தெரியக்கூடாது.

மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து ஆசிரியை அழைத்தார்.

“ஜீவிதா கிளாஸ்ல இல்லம்மா. பேக் மட்டும் பெஞ்சு மேல இருக்கு. கேட் பூட்டித்தான் இருந்துச்சு.”

போலீஸ் மைசூரு முழுக்கத் தேடியது. சௌம்யா மட்டும் நூலகத்தைவிட்டு நகரவில்லை. பாவி, நானே தொலைத்தேனே என்று அழுதபடி ஒவ்வொரு புத்தகமாக உருவிப் பார்த்தாள்.

பதினோராம் நாள் பழைய காகித வாடைக்கு நடுவே, தேங்காய் எண்ணெய் வாசனை. ஜீவிதா தொலைந்த அன்று காலை அவள் பின்னிவிட்ட தலையின் வாசனை.

“அம்மா… ரெண்டு பக்கமும் நெருக்குதும்மா. சீக்கிரம் எடும்மா.”

குரல் வந்த அலமாரியைப் பாதிவரை காலி செய்தாள். மாலையில், எந்தக் குரலும் கேட்காத ஹேமந்த் அவளை வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

காலையில் வந்து கதவைத் திறந்தாள்.

முப்பதாயிரம் புத்தகங்களும் இடம் மாறியிருந்தன.

எங்கோ தூரத்து அலமாரியிலிருந்து குரல் மெல்லக் கேட்டது.

“நேத்து கிட்ட வந்துட்டியேம்மா. ஏன் போயிட்டே?”