பெயர் சொல்லாத படையல்

வெர்மொண்ட் மாநிலத்தில் ஒரு மலைச்சாலை முடிகிற இடத்தில் அந்த மரவீடு இருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அன்புராசா காரை நிறுத்திய பிறகும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். காலையில் ரொறன்ரோவில் ஏறி, எல்லை தாண்டி, நியூயோர்க் மலைகளில் ஏறி இறங்கி வந்த களைப்பு என்று வீட்டை வாடகைக்கு விட்டவள் நினைத்திருப்பாள். அது கனடாவுக்கு வந்த நாளிலிருந்து சேர்ந்துகொண்டே போன களைப்பு. பகலில் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்குவான், மாலையில் நகரத்துக்குள் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவான். லீவு என்று ஒன்று எடுத்ததே இப்போதுதான்.

இலை பார்க்கப் போகலாம் என்பது கூட வேலை செய்கிற ஒருவனின் யோசனை. இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களைப் பார்க்காமல் சாகக்கூடாது என்று அவன் படங்களைக் காட்டியிருந்தான். ஊரில் இலை விழுந்தால் யார் கூட்டுவது என்று சண்டை பிடிப்போம், இங்கே சனம் கார் பிடித்துப் பார்க்கப் போகிறது என்று அன்புராசா சிரித்தான். ஆனாலும் அந்த வருடம்தான் குடியுரிமை கிடைத்திருந்தது. எவரிடமும் விசாவுக்குப் பல்லை இளிக்காமல் எல்லை தாண்டலாம் என்ற நினைப்பே ஒரு சுகம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி சந்திரவதனாவை ரொறன்ரோ வீட்டிலிருந்து கொஞ்ச நாளாவது வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது.

வதனாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே இரத்த உறவு தம்பி ராகுலன். யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் அவன் காணாமல் போனான். கடல்நீரேரிக் கரையில் அவனுடைய சைக்கிள் மட்டும் கிடந்ததாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து வதனாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டொக்டர் கொடுத்த குளிசை இல்லாமல் கண் மூடுவதில்லை. கோயில் ஐயர் ஒருநாள், ஒரு பிடி சோறு படைத்தால்தானே அம்மா அந்தப் பிள்ளையின் பசி தீரும் என்று சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

அன்புராசாவுக்கு மனைவிமேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அவனுக்கு அலுத்துப்போய்விட்டது. அழுகிற பெண்ணைத் தேற்றலாம். அழாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறவளை என்ன செய்வது?

சைக்கிள் கிடைத்த நாளின் ஆண்டு நிறைவு மறுநாள் வந்தது. தெரிந்துதான் அவன் அந்தத் தேதிக்கு வீடு பிடித்திருந்தான். அரிசியும் கத்தரிக்காயும் முட்டையும் கார் டிக்கிக்குள் இருந்தன. காலையில் தேநீர் குடிக்கும்போது மெல்லப் பேச்சை எடுத்தான்.

"வதனா, ஒருக்காப் படைச்சுப் பாப்பம். அவன் உயிரோடை இருந்தா ஒரு பிழையும் வராது. இல்லாட்டி, பாவம், சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. காற்றே இல்லை, ஆனாலும் கொட்டின.

"பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டன்," என்றாள். "நீங்களும் சொல்லக்கூடாது. பேரைச் சொன்னா அவன் செத்துப்போனான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி."

அன்புராசா சரி என்றுவிட்டான். அவனுக்கு அந்தக் காரியம் எப்படியாவது நடந்து முடிந்தால் போதும். விலாசம் எழுதாமல் தபாற்பெட்டியில் போட்ட கடிதம் யார் கைக்குப் போகும் என்று யோசிக்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

அவளே சமைத்தாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல், எல்லாம் ராகுலனுக்குப் பிடித்தவை. வாழையிலைக்கு எங்கே போவது? அந்த வீட்டுப் பீங்கானிலேயே போட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு பின்னறையில் வைத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். அன்புராசா காட்டுப்பக்கம் இருந்த யன்னலைத் திறந்து, கையைக் கூப்பிக்கொண்டு சொன்னான்.

"பசியோடை நிக்கிறவர் வந்து சாப்பிடட்டும்."

பிறகு முறைப்படி கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் காத்திருந்தார்கள். வந்தவர் வாசம் பிடித்துவிட்டுப் போக நேரம் கொடுக்கவேண்டும். பிறகு கதவைத் தட்டித் திறந்து, படைத்ததை வீட்டுக்காரரே பகிர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். படைத்த சோறு எந்த வீட்டிலும் குறைந்ததில்லை.

வீடு அமைதியாக இருந்தது. எங்கிருந்தோ ஈர இலை அழுகுகிற மணம் வந்தது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

பீங்கானில் கரண்டி உரசுகிற சத்தம்.

அவசரமில்லாமல், ஒரு பருக்கையும் விடாமல், யாரோ வழித்து வழித்துச் சாப்பிடுகிற சத்தம். வதனா அவனுடைய கையைப் பிடித்தாள். அவளுடைய முகத்தில் பயம் இல்லை. சத்தம் நின்றதும் அவளே எழுந்து கதவைத் தட்டித் திறந்தாள். பீங்கான் கழுவி வைத்ததுபோல் இருந்தது. தண்ணீரும் இல்லை.

"தம்பி வந்திட்டான்," என்று சொல்லி நிலத்தில் இருந்து அழுதாள். அத்தனை நாளும் அழாத அழுகை. அழுது முடித்து, சட்டியில் மிஞ்சிய சோற்றைப் போட்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து அன்புராசாவின் கண்களும் கலங்கின. ஆனால் பீங்கானுக்குப் பக்கத்தில் கிடந்த கரண்டியை அவன் எடுத்துச் சட்டைப் பைக்குள் மறைத்தான். படையலுக்குக் கரண்டி வைத்தவர் யார்? ராகுலன் தன் வாழ்நாளில் கையால் அல்லாமல் சோறு சாப்பிட்டவன் அல்ல.

மறுநாள் நியூ ஹாம்ஷயர் மலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்கடுத்த நாள் வீட்டுக்குத் திரும்பினார்கள். வதனா குளிசை போடாமலே காரில் நித்திரையாகிப்போனாள். ஹீட்டரை எவ்வளவு கூட்டியும் பின்சீட்டிலிருந்து குளிர் வந்துகொண்டிருந்தது. அன்புராசா கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சீட் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் பின்கதவு யன்னல் கண்ணாடியில் ஒரு சிறிய வட்டம் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. மங்கி, தெளிந்து, மறுபடி மங்கியது.

ராகுலன் ஆறடி ஆள். காரில் ஏறினால் தலை கூரையில் முட்டும்.

அந்த வட்டம் கண்ணாடியின் அடியில் இருந்தது.

பாலத்தைத் தாண்டிக் கனடா எல்லைக்கு வந்தபோது மாலை வெயில் இன்னும் இருந்தது. அதிகாரியாக நின்ற இளம்பெண் கடவுச்சீட்டுகளைப் புரட்டினாள். குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள். அவளுடைய முகம் இளகியது. மகள் நல்ல நித்திரைபோல, அவளையும் இலை பார்க்கக் கூட்டிப்போனீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

திரும்பிப் பார்க்க அன்புராசாவுக்குத் துணிவில்லை. இல்லை, எங்களுக்குப் பிள்ளையே கிடையாது என்று சொல்லலாம். சொன்னால் காரை ஓரங்கட்டச் சொல்வார்கள், மணிக்கணக்கில் கேள்வி கேட்பார்கள், வதனா எழும்பிவிடுவாள். விடிந்தால் வேலை. எல்லையில் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போன மனிதன் அவன்.

ஓம், நித்திரை என்று சொல்லிவிட்டான்.

அவள் புன்னகைத்துக் கைகாட்டினாள். அகதியாக வந்தவர்கள் எத்தனை வருடம் காத்துக் கிடந்து உள்ளே வந்தார்கள்! இது அவனுடைய ஒரு சொல்லிலே வந்துவிட்டது.

ரொறன்ரோவின் பார்க்டேலில் அவர்கள் இருந்த உயர்மாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை. சின்ன அறையை, ராகுலன் என்றைக்காவது வருவான் என்று வதனா ஒதுக்கி வைத்திருந்தாள். எந்த நேரம் செய்தி வந்தாலும் கேட்கவேண்டும் என்று அங்கே அதே லைனில் இரண்டாவது போன் ஒன்றையும் வைப்பித்து, பல நாள் அதற்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். இப்போது தினமும் மாலையில் அந்த அறையில் ஒரு பீங்கான் சோறு வைத்தாள். கதவுக்கு வெளியே இருந்துகொண்டு கதை சொன்னாள். பள்ளிக்கூடக் கதை, மழைக்காலக் கதை, தம்பி மதில் ஏறி விழுந்த கதை. உள்ளே கரண்டி உரசும். அடுக்களையில் கரண்டிகள் குறைந்துகொண்டு வந்தன.

அவளுடைய கன்னம் நிரம்பியது. பழையபடி தையல் வேலைக்குப் போனாள். ஒருநாள் குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். அன்புராசா வேலைக்குப் போய் வந்து, கால் உளைவோடு கதிரையில் சாய்ந்து, இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பான். அவள் சிரித்தபடி தேநீர் கொண்டு வருவாள். நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டுவிடுவான். அறையைக் கூட்டும்போது கட்டிலுக்குக் கீழே ஈரமான சிவப்பு இலைகள் கிடக்கும். அந்த உயரத்துக்கு எந்த மரமும் எட்டாது. அவன் அவற்றைச் சத்தமில்லாமல் அள்ளிக் குப்பைக்குள் போட்டான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை ஹோலில் போன் அடித்தது. அன்புராசாதான் எடுத்தான்.

"அத்தான், நான் ராகுலன்."

அவன் போனை வதனாவிடம் நீட்டினான்.

ராகுலன் வன்னிக்குள் அகப்பட்டுக் கிடந்தானாம். கடிதமும் இல்லை, போனும் இல்லை. இப்போது படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கியிருக்கிறான். ஒரு மீனவர் வீட்டில் தங்கியிருக்கிறான். எந்த முகாமில் விடுவார்கள் என்று தெரியாது. கையில் காசு இல்லை, நாளைக்கு இதே நேரம் எடுத்து விலாசம் சொல்கிறேன் என்றான். வதனா சிரித்தாள், அழுதாள், நுளம்பு கடிக்குதோ, சாப்பிட்டியோ என்று கேட்டாள். லைன் நின்ற பிறகும் போனை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

அப்போது சின்ன அறைக்குள் கரண்டி உரசியது.

அவளுடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"அப்ப உள்ளுக்கை இருக்கிறது ஆர்?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். மறைத்த கரண்டி, கண்ணாடியில் பட்ட மூச்சு, எல்லையில் நின்ற பெண், தன் வாயிலிருந்து வந்த ஓம்.

"இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?"

"நீர் சாப்பிடத் தொடங்கினீர், வதனா. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

அவள் அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து போய் அந்த அறைக்கதவைப் பூட்டினாள். அன்று மாலை சோறு வைக்கவில்லை, கதையும் சொல்லவில்லை.

இருட்டியதும் உரசல் தொடங்கியது. வெறும் பீங்கானில் கரண்டி. சுரண்டிச் சுரண்டி, நிறுத்தி, மறுபடி சுரண்டி. இருவரும் கட்டிலில் ஒருவரையொருவர் பார்க்காமல் படுத்திருந்தார்கள். வெளுக்கும் நேரத்தில் சத்தம் அடங்கியது. போய்விட்டது என்று அன்புராசா நம்பினான். நம்புவதற்குக்கூட அவனிடம் பெரிதாகச் சக்தி மிஞ்சியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. வதனா குளித்து, பொட்டு வைத்து, பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு ஹோலில் போனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அவன் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். நேரம் ஆக ஆக அவளுடைய கண்களில் வெளிச்சம் வந்தது. எப்படியாவது ஸ்பொன்சர் பண்ணி அவனைக் கூப்பிட்டுவிடவேண்டும் என்றாள்.

போன் அடித்தது.

அவள் கையை நீட்டினாள். கை படுவதற்கு முன்பே மணி நின்றுவிட்டது.

பூட்டிய அறைக்குள் யாரோ பேசினார்கள்.

சின்னப் பிள்ளையின் குரல். ஆனால் தமிழ் வதனாவின் தமிழ். அவளுடைய இழுவை, அவளுடைய நிறுத்தம், மாலைகளில் கதவுக்கு வெளியே இருந்து கதை சொன்ன அதே பேச்சு.

"ஓம். அக்கா இஞ்சை இல்லை. அக்கா செத்துப்போனா. இனி எடுக்காதையுங்கோ."

ரிசீவர் மெல்ல வைக்கப்படுகிற சத்தம் கேட்டது.

வதனா பாய்ந்து ஹோல் போனை எடுத்தாள். தம்பி, தம்பி என்று கத்தினாள். வெறும் இரைச்சல்தான் வந்தது. அவனுக்குத் திருப்பி எடுக்க இலக்கம் இல்லை, விலாசம் இல்லை. இராமேஸ்வரத்தில் எந்தக் கடையிலிருந்து எடுத்தான் என்றுகூடத் தெரியாது. அன்புராசா பூட்டைத் திறந்து உள்ளே ஓடினான். அறையில் ஒருவரும் இல்லை. போன் அதன் இடத்தில் இருந்தது. உள்ளிருந்த குளிர் பட்டதும் பின்வாங்கி வாசலில் வந்து நின்றான்.

அன்று முழுக்க அவர்கள் போனுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அது மறுபடி அடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை.

ஒரு மாலை, வதனா பழையபடி வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஆறிப்போன சோறு தொடப்படாமல் கிடந்தது. அன்புராசா விளக்கைப் போட எழும்பியபோது, அவளுடைய கதிரைக்குப் பின்னால், காதுக்கு மிக அருகில், அந்தக் குரல் கெஞ்சியது.

"அக்கா, பசிக்குது."