பதினோரு முறை வீடு வந்த மந்தை

செவ்வாய்க்கிழமை ஒரே நாளில், மோஸ் என்ற காவல் நாய் ஆட்டு மந்தையைப் பதினோரு முறை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டது.

ஒரு முறை என்றால் சரி. அதுதானே அதன் வேலை! டைக் மாமா சாயங்காலம் விசில் ஊதுவார். மோஸ் குன்றின் மேல் ஓடும். முதுகில் நீலச் சாயம் பூசிய நாற்பத்திரண்டு செம்மறி ஆடுகளையும் வளைத்துப் பட்டிக்குக் கொண்டுவரும். ஏழு வருடமாக அப்படித்தான். ஆனால் பதினோரு முறையா? ஒரு வாய் புல் கடிப்பதற்குள் "நட வீட்டுக்கு" என்றால், அந்த ஆடுகள்தான் என்ன செய்யும் பாவம்?

அதுவும் மார்ச் மாதம். ஆடுகள் எல்லாம் சினையாக இருந்தன. இன்னும் மூன்று வாரத்தில் குட்டிகள் பிறக்கும். இந்த நேரத்தில் அவற்றை ஓடவிடவே கூடாது.

மோஸைக் கட்டிப்போட்டும் பார்த்தார் மாமா. அது கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடியது. கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். "நாய்க்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஓர்லா பள்ளியிலிருந்து வந்தபோது, மாமா அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பண்ணைதான் அவருடையது. ஓர்லாவின் அம்மாவுக்குத் தம்பி அவர்.

"அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, அக்கா," என்றார் மாமா. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு என் கூட்டாளி ஃபின்டன் வண்டி எடுத்துக்கிட்டு வர்றான். மோஸைக் கால்வேக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். டவுன்ல ஆடு ஏது? சும்மா வீட்டுல படுத்துக் கெடக்கட்டும்."

ஓர்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மோஸ் இல்லாம நீங்க என்ன பண்ணுவீங்க மாமா?"

"வேற நாய் பாத்துக்குவேன்," என்றார் மாமா. அவர் தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை.

சனிக்கிழமை காலையில் ஓர்லா கல் சுவர்மேல் ஏறி உட்கார்ந்தாள். மோஸ் கீழே படுத்திருந்தது. 'இன்னைக்கு முழுக்க இவனையே பாக்கப் போறேன்' என்று முடிவு செய்திருந்தாள். இப்படி ஒரு நாய் காரணம் இல்லாமலா ஓடும்?

சரிவுக்குக் கீழே, கடலைப் பார்த்த வயலில், பெரிய பட்டம் பறந்துகொண்டிருந்தது. போன மாதம்தான் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். பச்சை நிறம். ஒரு பேருந்து நீளம் இருக்கும். மேகத்துக்குப் பக்கத்தில், காற்று ஓயாத உயரத்தில், எட்டு போட்டபடி சுழன்று சுழன்று பறக்கும். அது இழுக்க இழுக்க, கீழே உருளையில் சுற்றியிருக்கும் கயிறு விறுவிறுவென்று அவிழும். உருளை சுற்றினால் மின்சாரம். ஓர்லாவின் வகுப்பில் இப்போது கை விறைக்காமல் எழுத முடிகிறதென்றால், அது அந்தப் பட்டம் தரும் சூட்டினால்தான்.

ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மோஸ் குறட்டை விட்டது.

பிறகு பட்டத்தைத் தரையிறக்கத் தொடங்கினார்கள். எந்திரம் கயிற்றை வேகமாக உள்ளே இழுத்தது. கயிறு ஒரு கப்பியின் வழியாக ஓடியது. அப்போது காற்றில் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது.

ஊஊ... ஊஊ... வீட்!

மோஸின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்த நொடி அது குன்றை நோக்கிப் பறந்தது.

ஓர்லா சுவரிலிருந்து குதித்துக் கொட்டகைக்கு ஓடினாள். மாமா ஓர் ஆட்டைப் பிடித்து வைத்துக் குளம்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா! இப்ப நீங்க விசில் ஊதினீங்களா?"

"ரெண்டு கையிலயும் ஆட்டுக் கால் இருக்கு. மூக்கால ஊதவா?"

"அப்ப அது பட்டம்தான்! பட்டத்தோட கயிறு, நீங்க 'வீட்டுக்கு வா'ன்னு ஊதுவீங்களே, அதே மாதிரி ஊதுது!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. என் காது பாம்புச்செவி, தெரியுமா?"

"நம்ம நாட்டுல பாம்பே கெடையாதே, மாமா."

மாமா முறைத்தார். ஆனால் முப்பது வருடமாகக் கூரையில்லாத டிராக்டரில் உட்கார்ந்து ஓட்டியவர் அவர். தடித்த சத்தம்தான் அவர் காதுக்குள் போகும். மெல்லிய சத்தம் வாசலோடு திரும்பிவிடும். தன் விசிலையே அவர் பழக்கத்தில்தான் ஊதினார்.

"நாய் பண்ற கிறுக்குக்குப் பட்டத்து மேல பழியா? போ, போ," என்றார்.

ஓர்லா சரிவில் இறங்கி ஓடினாள். பட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபெம்கா, இரும்பு அறை வாசலில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நெதர்லாந்துக்காரி. ரொட்டிமேல் சாக்லேட் தூவித் தின்பாள். அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவளைப் பிடிக்கும்.

"ஃபெம்கா, செவ்வாய்க்கிழமை பட்டத்தை எத்தன தடவ எறக்குனீங்க?"

"அன்னைக்கு எறக்கிப் பழகுற நாள். இரு, பாக்கறேன்." நோட்டைப் புரட்டினாள். "பதினொண்ணு. ஏன் கேக்கற?"

ஓர்லா சொன்னாள். கேட்கக் கேட்க ஃபெம்காவின் முகம் வாடிவிட்டது.

"அடக் கடவுளே! அந்தக் கப்பி கத்தறது எனக்குத் தெரியும். ஆனா அது நாயைக் கூப்பிடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேற கப்பி கேட்டிருக்கோம். வந்து சேர ஆறு வாரம் ஆகும்."

"மோஸ் நாளைக்கு நாலு மணிக்கே போயிடுவானே!"

"அப்ப ஆறு வாரமும் பட்டத்தை ஏத்தாம இருக்கட்டுமா?"

ஓர்லா யோசித்தாள். பள்ளிக்கூடம் மறுபடி குளிரில் விறைக்கும். முதல் வகுப்புக் குட்டிகள் மூக்கு ஒழுகிக்கொண்டு கையுறையோடு எழுதுவார்கள். மோஸுக்காக அவர்களை நடுங்க விடுவதா?

"வேணாம்," என்றாள். "பட்டம் அதோட சத்தத்தை மாத்திக்க முடியாது. நாங்க எங்க சத்தத்தை மாத்திக்கறோம். ஆனா எனக்கு ஒரு உதவி பண்ணணும். இன்னைக்கும் நாளைக்கும் பட்டத்தை ஏத்தி ஏத்தி எறக்கணும். முடியுமா?"

"எத்தன தடவ வேணும்னாலும்!" என்றாள் ஃபெம்கா.

ஓர்லா திரும்பி வந்தபோது, மோஸ் மந்தையைப் பட்டிக்குள் விட்டுவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாமாவின் முன்னால் உட்கார்ந்திருந்தது. பாராட்டுக்குக் காத்திருந்தது போல.

"மாமா, செவ்வாய்க்கிழமை பட்டத்தைப் பதினோரு தடவ எறக்கியிருக்காங்க. ஃபெம்கா நோட்டுல எழுதியிருக்கு. மோஸுக்குப் புத்தி பேதலிக்கல. நீங்க கூப்பிடுறீங்கன்னு நெனச்சான். பதினோரு தடவ கூப்பிட்டீங்கன்னு நெனச்சு, பதினோரு தடவையும் வந்தான்."

மாமா கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மண்டி போட்டு, மோஸின் பாதத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓடி ஓடி அது வெடித்துப் போயிருந்தது.

"நான் உன்னைத் திட்டினேனேடா, முட்டாப் பயலே," என்றார். யாரை முட்டாள் என்றார் என்று தெரியவில்லை. மோஸ் அவர் மூக்கை நக்கியது.

மருந்து தடவிய பிறகு மாமா கேட்டார். "சரி, இப்ப என்ன பண்றது?"

"இனிமே விசில் வேணாம். டிராக்டர் ஹாரன் ரெண்டு தடவ அடிச்சா, வீட்டுக்கு வரணும். அது குன்று வரைக்கும் கேக்கும். உங்களுக்கும் கேக்கும்."

"எட்டு வயசு நாய் புதுசா கத்துக்குமா?"

"உங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு. போன மாசம் செல்போன்ல படம் எடுக்கக் கத்துக்கிட்டீங்களே!"

"எல்லாப் படத்துலயும் என் கட்டைவிரல்தான் இருக்கு," என்று முணுமுணுத்தார் மாமா. ஆனால் எழுந்து டிராக்டர் பக்கம் நடந்தார்.

அன்று மதியம் பாடம் தொடங்கியது. ஆடுகள் பட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. பட்டம் இறங்கியது. ஊஊ... வீட்! மோஸ் பாய்ந்தது. ஓர்லா கழுத்தைக் கட்டிக்கொண்டு, "படு!" என்றாள். அந்தச் சொல் மோஸுக்குத் தெரியும். படுத்தது. வாயில் ஒரு ரொட்டித் துண்டு. பிறகு மாமா ஹாரன் அடித்தார். பாம்! பாம்! "ஓடு!" என்றாள் ஓர்லா. மோஸ் ஓடியது. திரும்பி வந்ததும் இரண்டு துண்டு.

ஐந்தாவது முறை அதன் பின்னங்கால்கள் மட்டும் எழுந்தன. ஞாயிறு காலை, காதுகள் மட்டும் எழுந்தன.

மோஸ் பிடித்துக்கொண்டுவிட்டது. மாமாதான் சிரமப்படுத்தினார்! ஒவ்வொரு முறையும் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதினார்.

"மாமா! ஹாரன்!"

"அட, ஆமா."

மூன்றாவது முறை ஓர்லா கையை நீட்டினாள். "விசிலைக் குடுங்க."

"ஏய், அது இருபது வருஷமா என்கிட்ட..."

"குடுங்க மாமா."

மாமா பள்ளிப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தார்.

மதியத்துக்குமேல் ஆடுகளைக் குன்றில் மேய விட்டார்கள். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இது நிஜப் பரீட்சை. ஓர்லா மோஸைத் தொடாமல் தள்ளி நின்றாள். ஃபெம்கா கீழேயிருந்து கையை ஆட்டினாள். பட்டம் இறங்கியது.

ஊஊ... ஊஊ... வீட்!

மோஸ் எழுந்து நின்றது. ஓர் அடி முன்னால் வைத்தது. ஓர்லா மூச்சை அடக்கிக்கொண்டாள். மோஸ் திரும்பி மாமாவைப் பார்த்தது. மாமா அசையவில்லை.

மோஸ் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. குன்றின் மேல் ஆடுகள் நிம்மதியாகப் புல் கடித்துக்கொண்டிருந்தன.

"இப்ப!" என்றாள் ஓர்லா.

பாம்! பாம்!

கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோடு குன்றின் மேல் ஏறியது.

அப்போதுதான் ஃபின்டனின் வண்டி வாசலில் வந்து நின்றது. பின் கதவைத் திறந்து, ஒரு பழைய கம்பளியை விரித்துப் போட்டுவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தார் அவர்.

"எங்கப்பா டைக், கூட்டிட்டுப் போகச் சொன்ன நாய் எங்க?"

மாமா டிராக்டரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"மோஸா? உள்ள போய் டீ குடி, ஃபின்டன். அவன் வேலையா இருக்கான்."