ஒன்பதாம் நம்பர்த் தகடு

ஒன்பதாம் நம்பர்த் தகடு விழுந்தது.

விழக் கூடாத தகடு அது. தொண்டி டெலிபோன் நிலையத்தில், யார் கூப்பிட்டாலும் அவர்கள் நம்பரின் பித்தளைத் தகடு பலகையில் டக்கென்று விழும். ஆனால் ஒன்பது, கடற்கரை ஐஸ் கொட்டகையின் நம்பர். போன வாரப் புயல் அதன் கூரையைக் கொண்டுபோன பிறகு லைன்மேன் தவசி கம்பியையே சுருட்டி எடுத்து வந்துவிட்டார்.

ஈரத்தில் விழுந்திருக்கும் என்று ஆபரேட்டர் ஜோதிமேரி தகட்டைத் தூக்கிவிட்டாள். மழை பிடித்த அந்த மத்தியானத்தில், ஓட்டிலிருந்து சொட்டும் சத்தமும் நனைந்த சுவரின் வாடையும் தவிர அவளுக்குத் துணை இல்லை. ஊரெல்லாம் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டது. அவளோடு பேசத்தான் ஆளில்லை. கடலுக்குப் போன கணவன் சவேரியாரைப் பற்றி மூன்று நாளாகத் தகவல் இல்லை. ஏழு வயது மகளை வீட்டில் இருத்தி, அம்மா அய்யா தவிர யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். மாற்று ஆள் வராமல் பலகையை விட்டு எழ முடியாது.

மறுபடி விழுந்தது.

ஒன்பதின் துளையில் வடத்தின் முனையைச் செருகி, பழக்கத்தில் "நம்பர் சொல்லுங்க" என்றாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். அப்புறம் சவேரியாரின் குரல், தொண்டை அடைத்த மாதிரி.

"வந்துட்டேன் மேரி. புள்ள கதவத் தொறக்க மாட்டேங்குது. வீட்டுல அத என்ன பேரு சொல்லிக் கூப்புடுவோம்?"

பெற்ற அப்பன் கேட்கிற கேள்வியா? கம்பியில்லாத லைனில் குரல் வருமா? மூன்று நாள் அழுதவளுக்கு, பாவம், எதுவும் தோன்றவில்லை. கேட்டதைக் கொடுத்தே பழகிய வாய்.

"சிப்பின்னு கூப்புடுங்க. தொறந்துரும்."

லைன் அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்தாள்.

கால் மணி நேரம் கழித்து மண்டபம் ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தது.

"மேரி, தாலியக் கழட்டிப்புடாத, உசுரோடதான் இருக்கேன். பாய்மரம் முறிஞ்சு இப்பத்தான் மண்டபத்துல கரையேறுனோம். நாளைக்கு மொத பஸ்ஸுல வாரேன். சிப்பி சாப்புட்டாளா?"



தகடு விழுந்தது.

ஒன்பது.

செருகினாள். தண்ணீர். நடுவே ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்பு.

"அம்மா, அய்யா வந்துட்டாக. கை ஜில்லுன்னு இருக்கு."

ஹெட்போனைக் கழற்றாமலே ஜன்னலுக்குப் பாய்ந்தாள். கம்பி இழுத்தது. கரை. கூரையில்லாத கொட்டகை. உள்ளே யாருமில்லை.

அதற்கப்பால், இடுப்பளவு தண்ணீரில், சிப்பி. தன்னைவிட உயரமான ஒருவரின் கையைப் பிடித்திருப்பவள்போல் வலது கையைத் தூக்கியபடி, தன்னந்தனியாக, இன்னும் உள்ளே நடந்துகொண்டிருந்தாள்.