நான் போட்ட முடிச்சு

அன்று காலை, கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள் நாங்கள் கரைக்கு வந்தபோது ஈரப்பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கூரையில்லாத கல் வட்டத்துக்குள் தலைவி கப்செங் பைன் சுள்ளிகளைக் கொளுத்தி வைத்திருந்தாள். உடை மாற்றுவது, குளிர் காய்வது, ஊர் வம்பு பேசுவது எல்லாம் எங்களுக்கு அங்கேதான். ரப்பர் உடுப்பு எங்கள் ஜேஜு தீவுக்கு வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு பருத்தித் துணியோடு இதே தண்ணீரில் இறங்கியவர்கள் நாங்கள். ஆனால் இந்த ரப்பருக்குள் காலை நுழைப்பதற்குள் உயிர் போய்விடும். சோப்புத் தண்ணீரை ஊற்றி, ஒருத்தி பிடிக்க, இன்னொருத்தி இழுக்க வேண்டும்.

"காலையில ரெண்டு கிண்ணம் பார்லிச் சோத்தை உள்ள தள்ளிட்டு வந்தா எப்படிடீ ஏறும்?" கப்செங் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"சோறு இல்லக்கா, கொழுப்பு. நேத்து உங்களைவிட ரெண்டு மடங்கு நத்தை எடுத்தேன்ல, அந்தக் கொழுப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். ஜங்ஓக் மட்டும் சிரிக்கவில்லை. முகக் கண்ணாடியில் பனி பிடிக்காமல் இருக்க மாசிபத்திரி இலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. போன குளிர்காலத்தில் செத்துப்போன அவள் அக்கா சுன்சிலின் இடத்தில் இந்த வருஷம்தான் எங்களோடு இறங்குகிறாள். அக்காவின் இரண்டு பிள்ளைகளும் இப்போது அவளிடம்தான்.

"மல்சுன் அக்கா, இன்னைக்குக் காக்கைப் பாறைப் பக்கம் போவோமா?" என்று என்னிடம் கேட்டாள்.

காக்கைப் பாறையில்தான் சுன்சில் செத்தாள்.

"வேணாம். அங்க பேய்க்கணவாய்தான் இருக்கு" என்றேன். பொய். தீவிலேயே பெரிய காதுச்சிப்பி அங்கேதான் ஒட்டிக்கிடக்கும்.

காதுச்சிப்பியை நெம்பி எடுக்க எங்களிடம் ஒரு இரும்புப் பட்டை உண்டு. பிச்சாங் என்போம். அதன் கயிற்று வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வோம். சிப்பி சுதாரித்துவிட்டால் இரும்போடு சேர்த்துப் பாறையைக் கவ்விக்கொள்ளும், யானை இழுத்தாலும் வராது. அதனால் வளையம் எப்போதும் தொளதொளவென்று இருக்க வேண்டும். கையை உதறினால் கழன்றுவிட வேண்டும். அதற்கப்புறம் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு திட்டலாம்.

போன வருஷம் சுன்சில் ஒரே வாரத்தில் இரண்டு பிச்சாங்கைத் தொலைத்துவிட்டாள். "கழலாத மாதிரி கட்டி விடு மல்சுன்" என்று கையை நீட்டினாள். நானும் இளித்துக்கொண்டே இரண்டு சுற்று சுற்றி, என் அப்பாவின் படகு முடிச்சைப் போட்டேன். "கடல் ராஜாவே வந்தாலும் இதை அவிழ்க்க முடியாதுடி" என்று பெருமை வேறு.

அன்றைக்கே ஒரு சிப்பி அவள் இரும்பைக் கவ்விக்கொண்டது, வளையம் கையை விட்டுக் கழலவில்லை. கீழே போய்க் கயிற்றை அறுத்து அவளைத் தூக்கி வந்ததும் நான்தான். மற்றவர்கள் ஊருக்குள் ஆள் கூப்பிட ஓடியபோது, அவள் மணிக்கட்டில் மிச்சமிருந்த முடிச்சை வெட்டி எடுத்து நெருப்பில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. அவள் பிச்சாங் மட்டும் அந்தச் சிப்பியில் செருகியபடி கீழேயே கிடந்தது.

ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை நான்.

எட்டுப் பேரும் இறங்கினோம். முதல் முழுக்கில் பல் கூசும், நெற்றி வெடிக்கும், அப்புறம் சரியாகிவிடும். துருப்பிடித்த நிறத்தில் பாசிக்காடு ஆளுயரத்துக்கு ஆடியது. அதன் அடியில் நத்தைகள், கறுப்புக் கடல் முள்ளிகள், சோம்பேறிக் கடல் அட்டைகள். ஒரு பேய்க்கணவாய் என்னைப் பார்த்துவிட்டுப் பாறையின் நிறத்துக்கு மாறிக்கொண்டது. இந்த இடத்தில் எனக்கு வயிற்றுக்குள் ஒரு நிம்மதி வரும். என் வீட்டில்கூட அது வராது.

மேலே வந்ததும் அடக்கிய மூச்சை விசிலாக விடுவோம். அதுதான் சும்பி. ஒவ்வொருத்திக்கும் ஒரு சத்தம். ஆளை எண்ணிப் பார்ப்பதும் அதை வைத்துத்தான். கப்செங்குடையது ஓட்டைப் பானையில் காற்று புகுந்த மாதிரி இருக்கும்.

என் மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எண்ணினேன்.

எட்டு.

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

ரப்பர் தொப்பி காதை அடைத்திருந்தது. மற்ற விசில்கள் தூரத்துச் சத்தமாகத்தான் கேட்டன. இது மட்டும் தொப்பிக்கு உள்ளே கேட்டது. இரட்டை விசில். முன்பல் உடைந்தவள் ஊதினால் அப்படித்தான் வரும்.

எங்களில் முன்பல் உடைந்தவள் சுன்சில் ஒருத்திதான்.

"அக்கா!" என்று ஜங்ஓக் கத்தினாள். என்னைப் பார்த்து அல்ல. காக்கைப் பாறையைப் பார்த்து.

அவள் மிதவை அந்தப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு நானும் நீந்தினேன். போய்ச் சேர்ந்தபோது மிதவை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

மூச்சை இழுத்துத் தலைகீழாக இறங்கினேன்.

கீழே தண்ணீர் கலங்கிக் கிடந்தது. முதலில் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. தண்ணீருக்கு அடியில் மூச்சே விடாதவளுக்கு ஏது வாசனை? ஆனாலும் ஏறியது. எரிந்த கயிற்றின் வாசனை.

ஜங்ஓக் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தாள். வலது கை துருவேறிய பழைய பிச்சாங்கோடு கட்டப்பட்டிருந்தது. இரண்டு சுற்று. என் முடிச்சு. கயிறு கரியாக, நெருப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி இருந்தது.

இடுப்பில் இருந்த பாசி அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். இறங்கவில்லை. மறுபடியும் அறுத்தேன்.

அவள் வாயிலிருந்து குமிழி வந்தது.

என் முடிச்சை இழுத்தால் இறுகும். கயிற்றின் வாலை உள்ளே தள்ளினால்தான் நெகிழும். அரிவாளை விட்டுவிட்டு விரலை வைத்தேன்.

என் விரல்கள்மேல் வேறு விரல்கள் வந்து உட்கார்ந்தன.

அவை தடுக்கவில்லை. நான் தள்ளினால் அவையும் தள்ளின. நான் திருப்பினால் அவையும் திருப்பின. பாடம் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு அசைவாக. ஐஸ்கட்டி விரல்கள். ஆனால் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. கட்டினவள் நான் இருக்கும்போது இந்தச் சின்னப் பெண் மீது ஏன் கை வைக்க வேண்டும்?

முடிச்சு கழன்றது. ஜங்ஓக்கின் இடுப்பில் பாரத்துக்கு இருந்த ஈயக் கட்டியை உருவிவிட்டு, அவளைத் தோளில் போட்டு மேலே உதைத்தேன்.

வெளியே வந்ததும் அவள் இருமி வாந்தி எடுத்தாள். உயிர் இருந்தது. நான் தொப்பியைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன்.

"நான்தான்டி கட்டினேன்! உன்னைக் கொன்னது என் முடிச்சு! அப்பா முடிச்சு, படகு முடிச்சுன்னு பீத்திக்கிட்டு நான்தான் கட்டினேன்! தில் இருந்தா என் கையில கட்டு! இவளைத் தொட்டே, உன்னைச் செத்தவள்னுகூடப் பார்க்க மாட்டேன்!"

நீந்தி வந்த ஆறு பேரும் கேட்டார்கள். என் கைக்குள் இருந்த ஜங்ஓக்கும் கேட்டாள். மெதுவாக என் கையை விலக்கிவிட்டுத் தன் மிதவையைப் பிடித்துக்கொண்டாள்.

நெருப்பைச் சுற்றி யாரும் என் பக்கம் உட்காரவில்லை. கடைசியில் கப்செங் சொன்னாள். "பூசை போடுவோம். அதுவரைக்கும் யாரும் இறங்க வேண்டாம். காக்கைப் பாறைப் பக்கம் இனிமே எப்பவும் வேண்டாம்."

"நான் போவேன்" என்றேன்.

"உனக்குப் பைத்தியமா? அவ உன்னைத் தேடுறா."

"அதுக்குத்தான் போறேன். நான் போகலைன்னா அவ வேற யாரையாவது தேடுவா. ஜங்ஓக் இறங்காம இருக்க முடியுமா? ரெண்டு பிள்ளைங்க வயிறு பூசைக்குக் காத்திருக்குமா? என் கையில விழுற முடிச்சு ஜங்ஓக் கையில விழாது. அவ்வளவுதான் கணக்கு."

மறுநாள் தனியாகப் போனேன். என் பிச்சாங் வளையத்தைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டேன். எதையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. நான்கு காதுச்சிப்பி எடுத்தேன். கரையேறிப் பார்த்தால் வளையம் இரண்டு சுற்றாக, என் முடிச்சில், சதையில் புதைந்திருந்தது. அதற்கடியில் கரி.

இடது கையாலும் பல்லாலும் அவிழ்க்க அரை மணி நேரம் ஆனது. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். "நல்லாக் கட்டுறே, ஆனா நான் நாளைக்கும் வருவேன்" என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாவது நாள் விரல் விறைத்து முடிச்சைப் பிடிக்கவே முடியவில்லை. கை நீலம் பாரித்துவிட்டது. அப்போது ஜங்ஓக் கல் வட்டத்துக்குள் வந்தாள். அந்த நாளுக்கப்புறம் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் முகத்தைப் பார்க்காமல் எதிரே உட்கார்ந்து என் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வாலை உள்ளே தள்ளினாள், ஒரு திருப்புத் திருப்பினாள். கண்மூடித் திறப்பதற்குள் கயிறு கழன்று விழுந்தது.

என் அப்பா போனபிறகு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"உனக்கு யார்டி சொல்லிக்கொடுத்தது?"

"அக்காதான்" என்றாள் ஜங்ஓக். "நேத்து ராத்திரி பிள்ளைங்களுக்கு நடுவுல வந்து உட்கார்ந்தா. உங்களை இன்னும் மன்னிக்கலையாம். தினமும் கட்டுவாளாம். என்னைத் தினமும் அவிழ்த்து விடச் சொன்னா."

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்தேன். பிறகு எழுந்து பிச்சாங்கை இடுப்பில் செருகினேன்.

"நாளைக்கும் காக்கைப் பாறைதான். வர்றியா?"

"வர்றேன். வளையத்தை நான் மாட்டி விடுறேன்" என்றாள்.

கடலில் அப்போது ஒருத்திகூட இல்லை. எட்டுப் பேரின் மிதவைகளும் சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தன. காக்கைப் பாறைப் பக்கமிருந்து யாரோ மூச்சு விட்டார்கள், இரட்டை விசிலாக.