ஹாஃபு பத்தாது, ஃபுல்லு போட்டுட்டேன்

புதுப்பட்டினம், 2002. செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் ஞானதாஸ் செத்துப்போனான். படகை இழுக்கும்போது கம்பி அறுந்து தலையில் அடி. மண்டைக்குள் ரத்தம் கசிவதை மெஷின் படம் பிடித்துவிட்டது. ஆனால் மாடியில் டாக்டரின் கம்ப்யூட்டருக்கு அவன் பெயரும் வயதும் வந்தனவே தவிர, படம் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்ததில் உயிர் போய்விட்டது.

பழி, கம்ப்யூட்டர் லைன்களைப் பார்த்துக்கொண்ட கலைவாணன் தலையில் விடிந்தது. முந்தின நாள் சாயங்காலம் குடித்துவிட்டு சர்வர் அறையில் எதையோ குடைந்தான் என்று கேஸ். சர்வர் அறைச் சாவி அவன் ஒருவனிடம்தான் என்று மேனேஜர் பாஷ்யம் எழுதிக்கொடுத்திருந்தார். அந்தச் சாயங்காலம் படூரில் இருந்தேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். யார் நம்புவார்கள்?

புதன் மதியம். மாலைக்குள் செங்கல்பட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப் போகிறார்கள். அவன் மனைவி ஜெசிந்தா, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், சப்-இன்ஸ்பெக்டர் வரலட்சுமியின் மேஜை முன் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். குடிக்க மாட்டேன் என்று மாதாகோவிலில் சத்தியம் செய்தவன்தான். அதற்கு முன்னால் குடித்தவனும் அவன்தான். தனக்கே சந்தேகம் வந்துவிட்டதுதான் அவளை வாட்டியது.

சாட்சி சொன்னவள் ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் செங்கம்மாள்; அவளும் ஸ்டேஷனில்தான் இருந்தாள். கேட்டதை அப்படியே சொல்லுங்கக்கா என்று ஜெசிந்தா கெஞ்சினாள்.

"முந்தாநேத்து சாயங்காலம் சர்வர் ரூம் கதவு சாத்தி இருந்திச்சு. உள்ள ஒரு ஆளு போன்ல பேசிக்கினு இருந்தாரு. ஆட்டோ வேணாம், எடுத்துட்டேன். ஹாஃபு பத்தாது, ஃபுல்லு போட்டுட்டேன். நூறுல வச்சுட்டேன். சைஸு பெருசு வேணாம், பழசே இருக்கட்டும். அவ்ளோதான் தங்கச்சி."

"குரல் தெரிஞ்சுதா?" என்றாள் ஜெசிந்தா.

"ஏசி போட்ற சத்தத்துல இன்னாத்த தெரியும்?"

ஹாஃப் பாட்டில், ஃபுல் பாட்டில், நூறு ரூபாய், போக ஆட்டோ. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார் வரலட்சுமி. அந்த வார்த்தைகளையே முணுமுணுத்துப் பார்த்த ஜெசிந்தா, சர்வர் அறையை ஒரு தடவை பார்க்க விடச் சொல்லி அவர் காலில் விழாத குறையாக மன்றாடினாள்.

கலைவாணனின் சாவிக்கொத்து ஸ்டேஷனில் சீல் வைத்த கவரில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் பாஷ்யமே முன்னால் போய் அறையைத் திறந்துவிட்டு, சீக்கிரம் முடியுங்கள் என்றார்.

எல்லா வயர்களும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் ஒவ்வொரு வயருக்கும் இரண்டு விளக்கு. எல்லாம் அசையாமல் எரிந்தன. சர்வர் வயரின் இரண்டாவது விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா சர்வரின் நெட்வொர்க் கார்டு அமைப்பைத் திரையில் திறந்தாள். வேகம், நூறு. டூப்ளெக்ஸ், ஃபுல். பிரேம் சைஸ், அதாவது ஒரு தடவையில் அனுப்பும் துண்டின் அளவு, பழையபடியே.

"மேடம், செங்கம்மாக்கா கேட்டது பிராந்திக் கணக்கு இல்ல. இந்தக் கார்டோட கணக்கு," என்றாள்.

பிறகு விளக்கினாள். ஸ்விட்ச் எப்போதும் ஆட்டோ. எதிர்முனையைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். யாரோ கார்டில் ஆட்டோவை எடுத்துவிட்டு ஃபுல்லை அடித்துவைத்தார்கள். அதன்பின் கார்டு பதில் சொல்லாது. பதில் வராததால் ஸ்விட்ச் ஹாஃபுக்கு இறங்கிவிடும். ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஃபுல் என்றால் இருவரும் சேர்ந்தே பேசலாம். கார்டு நிறுத்தாமல் பேச, ஸ்விட்ச் திணற, இரண்டும் மோதிக்கொண்டன. அந்த விளக்கு துடிப்பது அதற்குத்தான். பெயர், வயது மாதிரிச் சின்னச் சமாச்சாரம் தப்பித்துப் போய்விடும். படம் மாதிரிப் பெரியது சிதறிவிடும்.

"இந்த ஸ்விட்ச் பெட்டியில எதையும் மாத்த முடியாது. வாங்கி மாட்டினதே எங்க வீட்டுக்காரர்தான், அது அவருக்குத் தெரியும். அவர் ஒரு பக்கம் மட்டும் ஃபுல் போட மாட்டார். இது தெரியாத ஆள் செஞ்ச வேலை." திரும்பி பாஷ்யத்தைப் பார்த்தாள். "சாவி அவர்கிட்ட மட்டும்தான்னு எழுதிக் குடுத்தீங்க. அது ஸ்டேஷன்ல சீலுக்குள்ள இருக்கு. இப்ப எதால திறந்தீங்க சார்?"

பாஷ்யத்தின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபுல் போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்று கார்டு விற்றவன் போனில் சொல்லச் சொல்ல, தானே மாற்றியதாக ஒப்புக்கொண்டார். நல்லதென்று நினைத்துத்தான் செய்தாராம். ஆள் செத்ததும் பயம் வாயை அடைத்துவிட்டதாம். வரலட்சுமி கையை நீட்டி அந்தச் சாவியை வாங்கிக்கொண்டார்.

கலைவாணனை மாலையில் விட்டுவிட்டார்கள். ஜெசிந்தா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்டேஷன் வாசலில் ஞானதாஸின் மனைவி ரெபேக்காள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததையெல்லாம் ஜெசிந்தா அவள் பக்கத்தில் குந்திப் பொறுமையாகச் சொன்னாள்.

ரெபேக்காள் முழுக்கக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"படம் மேல போவல, சரி. என் வூட்டுக்காரரு கீழதான படுத்துகினு இருந்தாரு. அந்த டாக்டரு ஒரு மாடி எறங்கி வந்து பாத்திருக்கக் கூடாதா?"