ஏழாம் நம்பர் மலைக் கல்தூண்கள்

"எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

சொல்லிவிட்டாள். மேலே உள்ளவர்களிடம் இதை மட்டும் ஒருநாளும் கேட்காதே என்று அப்பா அழகுமுத்து சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தார். அதைத்தான் அழகம்மா இப்போது, மழையில் நனைந்தபடி, வெறுங்காலோடு, முன்பின் பார்த்திராத ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்...

அவன் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டான்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையுச்சி. எந்த ராசா நட்டதோ, பாசி படர்ந்த ஆறு கல்தூண்கள். அவற்றின் நடுவே, தார்ப்பாய்க்குக் கீழே, இரண்டு டேப் ரெக்கார்டர்கள், ஒரு கார் பேட்டரி, கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்.

அரைமணி நேரத்துக்கு முன்னால் அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டது. டங்... டங்... நிதானமாக, கனமாக. சாவுக்கு அடிக்கிற பறை, சாவுத் தப்பு!

இந்தத் தோட்டத்தில் தப்படிக்கிறவர் அப்பா ஒருவர்தான். அவரோ மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். அவர் படுத்திருக்கும்போது சாவுத் தப்பு கேட்டால்... செத்தது யார்?

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் அதேதான் தோன்றியது. கூடைகள் கவிழ்ந்தன. அம்மா நல்லமுத்து அலறிக்கொண்டு ஓடிவந்து, தண்ணீர் ஓடுகிற கான் வாய்க்காலில் விழுந்து, முழங்காலைக் கிழித்துக்கொண்டாள்.

அழகம்மா லயத்து வரிசையில் தங்கள் வீட்டுக் கதவைத் தள்ளினாள். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால் இல்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்!

"யாரு ஆத்தா செத்தது?" என்று அவளையே கேட்டார்.

அழுவதா சிரிப்பதா... இரண்டும் வரவில்லை. கோபம்தான் வந்தது. சத்தம் வந்த பக்கம் மலையேறினாள்.

"அது சாவுத் தப்பு இல்லீங்க," என்றான் அவன். "பெரட்டுத் தப்பு. விடியக்காலையில வேலைக்குக் கூப்புட அடிப்பாங்கள்ல... போன லீவுல பதிஞ்சேன். வேகத்தைப் பாதியாக் கொறைச்சு, இந்தத் தூணுங்களைத் தட்டின சத்தத்தோட ஒட்டினேன். புது மாதிரி இசைங்க. இதைக் கல்லுங்க நடுவுல விட்டா எப்படித் திரும்பி வருதுன்னு..."

"பாதியாக் கொறைச்சா சாவுத் தப்புதான்! தோட்டத்துல கைக்கொழந்தைக்குக் கூடத் தெரியும்."

"நான் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டுப் புள்ள. ஹாஸ்டல்லயே வளந்தவன். பெரட்டுக்கு எழும்பினதே இல்லீங்க." தயங்கினான். "சோலைமலை. கொழும்புல ஒலிப்பதிவு வேலை. நீங்க..."

"நீங்க பாதியாக் கொறைச்சீங்களே, அந்தக் கைக்கு மக. பேராதனை கேம்பஸ் பி.ஏ."

அவன் கண்கள் அகன்றன. இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றது. ஏமாற்றுகிற கண்கள் இல்லை இவை... சீ! கண்ணைப் பார்க்கிற நேரமா இது!

"அந்தக் கையா! அந்த அடியைக் கேட்டுட்டு எனக்கு ஒரு வாரம் தூக்கமே..."

"எடுக்கும்போது அவருகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"...இல்ல."

அதற்குள் குடையோடு வந்துவிட்டார் அவன் அப்பா, பெரிய கிளாக்கர் சிவசாமி. அவருக்குப் பின்னால், நனைந்த கம்பளியோடு மூச்சிரைக்க அழகுமுத்து.

"யாரை மன்னிப்புக் கேக்கச் சொல்ற? நாலெழுத்துப் படிச்சிட்டா நாக்கு நீண்டுருமா?" என்றார் கிளாக்கர். அவள் கத்தியது பாதி மலை வரை கேட்டிருந்தது.

அவள் வாயைத் திறக்கும் முன் அப்பா குனிந்துவிட்டார். "ஐயா... புள்ள தெரியாமப் பேசிருச்சுங்க. நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேங்க..."

செத்துப்போய்விட்டார் என்று நினைத்து ஓடியபோதுகூட அழகம்மாவுக்கு இப்படி வலிக்கவில்லை.

அப்போது சோலைமலை தன் அப்பாவைத் தாண்டி நடந்தான். அழகுமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நிமிருங்கய்யா. சொல்லாம எடுத்தவன் நான். எல்லாரையும் அழ வச்சவன் நான். என்னை மன்னிச்சிருங்க."

"டேய்!" கிளாக்கரின் குடை கைநழுவி விழுந்தது.

அழகுமுத்து கையை விடுவித்து, பக்கத்துத் தூணை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "சின்னையா... இந்தக் கல்லுக்கு இன்னும் கொஞ்சம் வெரசா அடிக்கணும்."

அழகம்மாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் பார்த்தாள்... இரண்டாவது மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது ஏன் இன்னும் ஓடுது?"

"நீங்க வந்ததுலேருந்து பதிஞ்சுக்கிட்டுதான் இருக்கு," என்றான். காது சிவந்துவிட்டது. "லீவு லீவா இந்தத் தூணுங்களைத் தட்டிப் பாத்திருக்கேன். நீங்க கத்தினப்பதான் ஆறும் ஒண்ணாப் பேசிச்சு. அழிக்கச் சொன்னா அழிச்சிடுறேன்... ஆனா, அந்தக் குரலை ஆயுசு பூரா கேக்கணும்போல இருக்குங்க. வைதாலும் சரி..."

"பைத்தியமாடா உனக்கு?" கிளாக்கர் கத்தினார். "அந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பியா நீ?"

மழை வலுத்தது.

அழகம்மா அப்பாவின் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டாள். மெஷினை நிறுத்தி, சுருளைக் கழற்றித் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"ஐயா நல்ல கேள்வி கேட்டாரு. ஞாயித்துக்கிழமை எங்க லயத்துக்கு வாங்க. எல்லாரும் பாக்க, பகல்ல. அம்மா குடுக்குற தண்ணியக் குடிங்க. அதுக்கப்புறம் எங்கிட்ட என்ன கேக்கணுமோ கேளுங்க. அதுவரைக்கும் என் குரல் எங்கிட்ட இருக்கட்டும். வாங்கப்பா."

தூண்களைக் கடந்து இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வதென்று யோசிக்க அவளுக்கு ஒன்றுமில்லை... குனிந்து நின்ற அப்பாவின் கைகளை அவன் பிடித்தானே, அப்போதே மனசுக்குள் சரியென்று சொல்லி முடித்திருந்தாள்.